நிறுத்தத் தெரிந்த நரம்பு



நரம்புச் செல்கள் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன, எப்படி அடக்குகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "தேனியில வந்து பேச வேற விஷயமே கெடைக்கலியா சார்?" என்று கேட்டார். இதைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு பூச்சிமருந்துக் கடைக்குள் போய் அலமாரியைப் பாருங்கள். திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மயில்துத்தக் கலவை போன்ற பூஞ்சைக்கொல்லிகளை ஒதுக்கிவிடுவோம். மிச்சமிருக்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை நரம்பைத் தாக்குபவை. குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் எல்லாம் ஒரு குடும்பம். நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை அவை செயலிழக்கச் செய்கின்றன. இமிடாகுளோபிரிட், செய்தி வாங்கும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிப்ரோனில், அடக்கும் செய்தி நுழைய வேண்டிய வாசலை அடைக்கிறது. எமாமெக்டின் அதற்கு நேர்மாறு, குளோரைடு வாசலைத் திறந்து மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஓயாத தூண்டலால் கொல்லும் மருந்தும் ஓயாத அடக்கத்தால் கொல்லும் மருந்தும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு வருடம் நான் வகுப்பில் நடத்தும் பாடம் முழுவதும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நரம்புச் செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 நானோமீட்டர். இந்தச் சந்திப்புக்கு 1897-இல் ஆங்கில உடலியங்கியல் அறிஞர் ஷெரிங்டன் வைத்த பெயர்தான் சினாப்ஸ். நரம்பின் நீளம் முழுக்க மின்துடிப்பாக ஓடிவரும் செய்தி, பெரும்பாலான சினாப்ஸ்களில் அந்த விளிம்போடு நின்றுவிடுகிறது. அங்கே சின்னஞ்சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும் வேதிப்பொருள் இடைவெளிக்குள் கொட்டப்படுகிறது. அது அக்கரைக்குப் போய் ஏற்பியில் படிகிறது, வாசல் திறக்கிறது. எல்லாம் ஒரு மில்லிநொடிக்குள்.

அக்கரையில் இருக்கும் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். சோடியம் உள்ளே வந்தால் அந்தக் குறைவு குறையும், செல் தூண்டப்படும். குளோரைடு உள்ளே வந்தாலோ பொட்டாசியம் வெளியே போனாலோ குறைவு கூடும் அல்லது இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தப்படும், செல் அடங்கும். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். பல வரத்துக்கால்கள் தண்ணீர் கொண்டுவருகின்றன, பல மடைகள் தண்ணீரை வெளியே விடுகின்றன. மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டும் சேர்ந்த கணக்கு. மட்டம் கலிங்கைத் தொட்டால்தான் மறுகால் பாயும், தொடாவிட்டால் ஒரு சொட்டும் போகாது. ஒரு நரம்புச் செல்லின்மேல் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் பேசினால் ஒரு மில்லிவோல்ட்கூட மாறாமல் போகலாம். தூண்டுவதும் அடக்குவதுமாக எல்லாம் கூடிக் கழிந்து, மட்டம் ஏறத்தாழ மைனஸ் 55-க்கு வந்தால் அந்தச் செல் தன் பங்குக்குத் துடிப்பை அனுப்பும்.

இதில் தூண்டுதல் எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது. அடக்குவது புரிவதில்லை. அடக்குவது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அடக்குவதும் உழைப்பு. அதற்கென்று தனிச் செல்கள், தனி வேதிப்பொருள்கள், தனி வாசல்கள் இருக்கின்றன. மூளையில் காபா, தண்டுவடத்தில் கிளைசின் முக்கியமானவை. இன்றைக்கு நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். நரம்பு மண்டலத்தின் பெருமை செய்தி அனுப்புவதில் இல்லை, அனுப்பியதை உரிய நேரத்தில் நிறுத்துவதில் இருக்கிறது. நம் பள்ளத்தாக்கில் பூச்சிமருந்து உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நிறுத்த முடியாமற்போன செய்தியால்தான்.

இவையெல்லாம் எப்படித் தெரிந்தன? 1921-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கு வேகஸ் நரம்பு இருந்தது, மற்றதற்கு இல்லை. முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் மெதுவானது. ஆக, நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது. அது அசிட்டைல்கோலின் என்று பின்னால் உறுதியாயிற்று. இந்த யோசனை தூக்கத்தில் வந்தது, எழுந்து கிறுக்கி வைத்தது காலையில் புரியவில்லை, மறுநாள் இரவு மறுபடி வந்தபோது நேரே ஆய்வகத்துக்கு ஓடினேன் என்று லோவியே சொல்லியிருக்கிறார். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், சோதனை மெய். 1936-இல் ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாணவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதயத்தை மெதுவாக்கிய அதே அசிட்டைல்கோலின்தான் கைகால் தசைகளைச் சுருங்கவைக்கிறது. பொருள் ஒன்று, விளைவு இரண்டு. தசையில் இருக்கும் ஏற்பி சோடியத்தை உள்ளே விடுகிறது, தூண்டல். இதயத்தில் இருக்கும் வேறு வகை ஏற்பி பொட்டாசியத்தை வெளியே விடுகிறது, அடக்கம். தூண்டலா அடக்கமா என்பது அனுப்பப்பட்ட பொருளில் எழுதியிருக்கவில்லை, வாங்குகிறவரிடம் இருக்கிறது. முதலாம் ஆண்டுத் தேர்வில் இதைத் தவறாக எழுதாத ஆள் அபூர்வம்.

மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறதா என்பதில் முப்பது வருடம் சண்டை நடந்தது. வேதிப்பொருள் கட்சி ஒரு பக்கம், மின்சாரக் கட்சி ஒரு பக்கம். மின்சாரக் கட்சியின் தலைவர் ஆஸ்திரேலியரான ஜான் எக்கிள்ஸ். 1951-இல் நியூசிலாந்தின் டனீடனில், பூனையின் தண்டுவடத்தில் ஒரே ஒரு செல்லுக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி அவரும் சகாக்களும் அளந்தார்கள். அடக்கும் செய்தி வந்தபோது அவர் கொள்கைப்படி நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. செல்லின் மின்னழுத்தம் எதிர்த்திசையில் இறங்கியது. தன் கொள்கை தோற்றதைத் தானே அறிவித்து எதிர்க்கட்சியில் சேர்ந்தார். 1963-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். தோற்றதை ஒப்புக்கொண்ட பிறகு பரிசு வாங்கியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

எக்கிள்ஸ் குழு அடக்கத்தைச் சோதிக்கப் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று நம்முடைய மரத்திலிருந்து வருவது. எட்டிக்காயாய்க் கசக்கிறது என்கிறோமே, அந்த எட்டி. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் காடுகளில் வளரும் மரம். அதன் விதையில் இருக்கும் நஞ்சு, 1818-இல் பெல்லெட்டியேவும் காவந்தூவும் கண்டறிந்த ஸ்ட்ரிக்னின். அது கிளைசின் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு அடக்கும் செய்தியை உள்ளே விடுவதில்லை. புதிதாக எந்தத் தூண்டலையும் அது உண்டாக்குவதில்லை; அடக்கத்தை மட்டும் எடுத்துவிடுகிறது. அது போதும். முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சுத்தியால் தட்டினால் கால் முன்னால் எகிறுகிறதல்லவா? அந்த நொடியில் தொடையின் முன்தசை சுருங்க, பின்தசைக்குப் போகும் செல்கள் அடக்கப்படுகின்றன. அடக்கம் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். எட்டி நஞ்சேறியவருக்கு உடம்பு முழுக்க இதுதான் நடக்கிறது. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டாலே போதும், முதுகு வில்லாய் வளைந்து குதிகாலும் தலையும் மட்டும் படுக்கையில் படும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும், அதுதான் கொடுமை. இரணஜன்னியும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் கிருமியின் நஞ்சு, அடக்கும் வேதிப்பொருள் வெளியே வருவதையே தடுத்துவிடுகிறது. தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் இரணஜன்னியை ஒழித்துவிட்ட நாடாக இந்தியா 2015-இல் அறிவிக்கப்பட்டது தடுப்பூசியின் புண்ணியம்.

இனி பூச்சிமருந்துக்கு வருகிறேன். இடைவெளியில் கொட்டிய அசிட்டைல்கோலின் அங்கேயே கிடந்தால் அடுத்த செய்திக்கு அர்த்தம் இல்லை. அதனால் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைத் துண்டிக்கிறது. ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் மூலக்கூறுகளைத் துண்டித்துவிடும். 1930-களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்த ஆர்கனோபாஸ்பேட் சேர்மங்கள் இந்த நொதியைப் பிடித்து முடக்கின. சில போர் நஞ்சுகளாயின, சில வயலுக்கு வந்தன. பூச்சியின் மூளையில் அசிட்டைல்கோலின்தான் முக்கியத் தூண்டி. நமக்கோ தசையில் அது தூண்டி, மூளையில் குளூட்டமேட். இடம் வேறானாலும் நொதி கிட்டத்தட்ட ஒன்றே. இலைப்பேனைக் கொல்லும் மருந்து அடிக்கிறவரையும் விடாததற்குக் காரணம் அது.

விடியற்காலையில் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் குமுளி மலைச்சாலையிலும் ஏறும் ஜீப்புகளைப் பார்க்கிறீர்கள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள், மருந்து அடிக்கப் போகிறவர்கள். முதுகில் மாட்டும் தெளிப்பான் ஒழுகிச் சட்டையின் பின்பக்கம் நனைந்திருக்கும். அந்த ஈரம் வியர்வை என்று நினைத்துவிடுகிறார்கள். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இந்த மருந்துகள் தோல்வழியே இறங்கும். மாலையில் "கிறுகிறுங்குது", "கண்ணு மங்குது" என்று படுத்துக்கொள்வதை வெயில் என்று தள்ளிவிடக் கூடாது.

வார்டில் நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும், தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு வந்தவர். "காலையில நல்லாத்தேன் போனாரு சார்" என்று அவர் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயில் எச்சில் வழிந்தது, கண்ணில் நீர், சட்டையைப் பிழியலாம் போல வியர்வை. நெஞ்சில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்தால் சளி நிரம்பிக் கரகரவென்ற சத்தம். நாடி நாற்பத்துச் சொச்சம். கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் தசை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நாடி மெதுவாவதும் தசை துடிப்பதும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே காரணத்தால். லோவியின் தவளைக்கு நடந்ததும் தசைக்கு நடப்பதும் அந்தக் கட்டிலில் ஒன்றாக இருந்தன.

இதற்குக் கொடுக்கும் மருந்து அட்ரோபின். அது இதயத்திலும் சுரப்பிகளிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் ஏற்பிகளை மறைத்து நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போய், நெஞ்சு சுத்தமாகி, நாடி எண்பதைத் தாண்டும்வரை நிறுத்தக் கூடாது. கண்மணியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரியில்லை. நம் வேலியோர ஊமத்தையில் இருப்பதும் இதே அட்ரோபின் வகைதான். ஊமத்தை தின்றவருக்கு எல்லாம் தலைகீழாக இருக்கும்: விரிந்த கண்மணி, வறண்ட வாய், பிதற்றல். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். செடிக்குச் செடி அளவு மாறும், ஒரு நஞ்சோடு இன்னொரு நஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

அட்ரோபின் கைகால் தசையின் ஏற்பியைத் தொடுவதில்லை. அங்கேதான் இரண்டாவது ஆபத்து. முதல் நாள் பிழைத்தவர், பேசுகிறவர், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையைத் தலையணையிலிருந்து தூக்க முடியாமற்போகிறார். கழுத்துத் தசை தளர்ந்ததும் அடுத்தது மூச்சுத் தசை. இதை 1987-இல் உலகுக்குச் சொன்னவர்கள் இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும். பணக்கார நாட்டு ஆய்வகத்தில் தெரிந்திருக்காத விஷயம் இது, விவசாயிகள் நிறைந்த வார்டில்தான் கண்ணில் படும். இன்றும் நம் பயிற்சி மருத்துவர்கள் காலை ரவுண்டில் "தலையத் தூக்குங்க" என்று கேட்பது அதனால்தான். முடங்கிய நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சிம் தருவதுண்டு. 2006-இல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்த ஆய்வு அது உதவுகிறது என்றது, 2009-இல் வெளியான இலங்கை ஆய்வு இல்லை என்றது. நேரம் கடந்தால் நொதி மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையில்லை. மோனோகுரோட்டோபாஸ் வகையில் அந்தக் கெடு சில மணி நேரம், குளோர்பைரிபாஸ் வகையில் ஒரு நாளுக்கு மேல். எந்தப் பூச்சிமருந்து என்று தெரிவது அதனால்தான் முக்கியம்.

ஒரு வேடிக்கை. நல்லபாம்பு கடித்தவருக்கு இதே நொதியை நாங்களே வேண்டுமென்று அடக்குகிறோம். பாம்பின் நஞ்சு தசையின் ஏற்பிகளை மறைத்துக்கொள்வதால் இமை தூக்க முடியாது, மூச்சு தளரும். விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் கொடுத்தால் நொதி ஓய்ந்து, அசிட்டைல்கோலின் பெருகி, மிச்சமிருக்கும் ஏற்பிகளைப் பிடிக்கிறது. பூச்சிமருந்து செய்கிற அதே வேலை, இங்கே அளவோடு, உயிர்காக்க. கட்டுவிரியன் கடித்தால் இது பெரிதாக உதவாது. அது நரம்பின் முனையையே சிதைத்துவிடுகிறது, கொட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958-இல் கேரளத்தில் பாராத்தியான் கலந்த கோதுமையால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1968-இன் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு அது ஒரு காரணம். எண்டோசல்பான், காபாவின் வாசலை அடைத்து வலிப்பு உண்டாக்கும் நஞ்சு, 2011-இல் உச்சநீதிமன்றத் தடைக்குள் வந்தது. ஃபோரேட், டைகுளோர்வாஸ், டிரையசோபாஸ் 2020 இறுதியோடு நின்றன. 2023-இல் தமிழ்நாடு அரசு ஆறு மருந்துகளை 60 நாட்களுக்கு நிறுத்தியது, அதே ஆண்டு மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதத் திரவத்துக்குத் தடை போட்டது. தாமதம் என்பது என் தீர்ப்பு. இலங்கை 1995-இலேயே மிகக் கொடிய வகைகளையும் 1998-இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. 1995-இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம் 2005-இல் 24 ஆனது. விளைச்சல் அதனால் குறைந்துவிடவில்லை. கொடிய மருந்து கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர்கள் மிஞ்சுகின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்த நஞ்சால் வார்டுக்கு வருவோரில் பலர் தெளிக்கப் போய் வந்தவர்கள் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். கடன், சண்டை, குடி, ஒரு நிமிட ஆத்திரம். அந்த நிமிடம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழவே விரும்புகிறார்கள். பிழைத்து எழுந்தவர்கள் எங்களிடம் சொன்னது அது. மருந்து டப்பாவை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தோட்டத்து அறையில் பூட்டி, சாவியை ஒருவரிடம் கொடுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.

யார்மேலாவது மருந்து பட்டுவிட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். வயிற்றுக்குள் போயிருந்தால் உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இரண்டாவது நோயும் சேர்ந்துகொள்ளும். 108-ஐ அழையுங்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். போகும்போது அந்தப் பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள். லேபிளில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயரும் அதற்கான மாற்று மருந்தும் அச்சிட்டிருக்கும். மருத்துவர் முதலில் தேடுவது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.